அடங்காத சிறுநீர் அவசரம்: நரம்புத் தூண்டல் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தொடர விரும்பும் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் அவசரம் அடங்கவில்லை. "நரம்புக்கு லேசா கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் நிற்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இடுப்புத்தளத் தசைகளுக்கான இயன்முறை சிகிச்சைதான் என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமா மேடம்?" அடுத்தது "எத்தனை நாளில் சரியாகும்?"

வலி பெரிய விஷயமில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சை தொல்லையை வேரோடு எடுத்துவிடாது. தொடர்கிற வரை சிறுநீர்ப்பை அடங்கியிருக்கும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி ஆரம்பிக்கும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவது போலத்தான் இதுவும். அதனால் எந்த முறை உசத்தி என்று தேடுவதைவிட, எந்த முறையை உங்களால் ஐந்து, பத்து வருடம் விடாமல் செய்ய முடியும் என்று யோசியுங்கள். உங்கள் வீடு, வேலை, கையிருப்பு, மருத்துவமனைக்கு ஆகும் தூரம் எல்லாம் அந்த முடிவில் சேர்த்தி.

முதலில், உங்களுக்கு இருப்பது இதுதானா?

திடீரென்று முட்டிக்கொண்டு வரும், வந்தால் தள்ளிப்போட முடியாது. மிகைச்செயல் சிறுநீர்ப்பை, அதாவது ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்பதன் மைய அடையாளம் இதுதான். ஒரு நாளில் எட்டுத் தடவைக்கு மேல் போவது, ராத்திரி எழுந்திருப்பது, பாத்ரூம் தாழ்ப்பாளைப் போடுவதற்குள் நனைந்துவிடுவது எல்லாம் இதோடு சேர்ந்துகொள்ளலாம். ஒரு சொட்டுகூடக் கசியாமல் அவசரம் மட்டும் வாட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள்.

இருமும்போதும் தும்மும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் கசிந்தால் அது வேறு. சிறுநீர் வழியைத் தாங்கிப் பிடிக்கிற தசையும் திசுவும் தளர்வதால் வருவது அது. நரம்புத் தூண்டல் அதற்கான வைத்தியம் இல்லை. இரண்டும் கலந்து இருப்பவர்கள், எது தங்களை அதிகமாக வீட்டுக்குள் முடக்குகிறது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்பும் சில எளிய சோதனைகளை முடித்துவிடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), ரத்தச் சர்க்கரை, போய் வந்த பிறகு பைக்குள் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். சிறுநீர்த் தொற்றும் கட்டுப்படாத சர்க்கரையும் மலச்சிக்கலும் கர்ப்பப்பை இறக்கமும் அச்சு அசலாக இதே தொல்லையைக் கொடுக்கும். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல மறக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமே அவசரத்தைக் கணிசமாகக் குறைப்பதுண்டு. அதைப் பற்றி யாரும் பேசாமல் நேராகப் பெரிய சிகிச்சைக்கு அனுப்பினால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

சிறுநீரில் ரத்தம் கண்டால் தள்ளிப்போடாமல் சிறுநீரக அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். உட்காருமிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால்கள் திடீரென வலுவிழப்பது, சிறுநீர் அடியோடு நின்றுபோவது ஆகியவை தண்டுவட நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்று நாள் குறிப்பேடு

இதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் பின்னால் வருகிற எல்லா முடிவுக்கும் இதுதான் அடித்தளம். சிகிச்சை வேலை செய்கிறதா, அறுவைக்குப் போகலாமா, செட்டிங்கை மாற்ற வேண்டுமா, எல்லாமே இந்தத் தாளை வைத்துத்தான் முடிவாகும்.

அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பை பாத்ரூமில் வையுங்கள். குடித்தது, கழித்தது, நேரம், அவசரம் எவ்வளவு, கசிந்ததா என்று மூன்று நாள் எழுதுங்கள். ஒரு நாள் காலை இப்படி இருக்கலாம்:

6.10, கழித்தது 280 மி.லி., அவசரம் இல்லை.
6.40, காபி ஒரு டம்ளர்.
7.30, 90 மி.லி., கடுமையான அவசரம், கசிவு இல்லை.
8.15, 70 மி.லி., குழாயைத் திறந்ததும் வந்தது, உள்ளாடை நனைந்தது.
9.00, 60 மி.லி., பஸ் ஏறுமுன் சும்மா போனது.

இந்த ஐந்து வரியிலேயே எவ்வளவோ தெரிகிறது. காலையில் 280 மி.லி. தாங்கிய பை, காபிக்குப் பிறகு 70 மி.லி.யிலேயே கத்துகிறது. பை சுருங்கிப்போகவில்லை, அதன் கட்டுப்பாடுதான் தடுமாறுகிறது. கடைசி வரியும் முக்கியம். "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுவோம்" என்று அவசரமே இல்லாமல் போவது, குறைந்த அளவிலேயே காலியாகிப் பழகிப்போக வைக்கும்.

மூன்று நாள் முடிந்ததும் 24 மணி நேரக் கூட்டுத்தொகையைப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி.யைத் தாண்டினால், அதாவது 60 கிலோ எடையுள்ளவர் 2.4 லிட்டருக்கு மேல் கழித்தால், சிறுநீர் உற்பத்தியே அதிகம். அப்போது தேட வேண்டியது சர்க்கரையை, அல்லது அளவுக்கு மீறிக் குடிக்கிற பழக்கத்தை. வயதானவர்களுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் வந்தால், கால் வீக்கம், இதயம், தூக்கத்தில் மூச்சு அடைப்பு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அந்த ராத்திரித் தொல்லையை நரம்புத் தூண்டல் தீர்க்காது. இது தெரியாமல் லட்சக்கணக்கில் செலவழித்து ஏமாறுவதைத் தடுக்க ஒரு கப்பும் ஒரு தாளும் போதும்.

நரம்பைத் தூண்டினால் பை ஏன் அடங்குகிறது?

சிறுநீர்ப்பையைச் சுருக்கும் நரம்புகள் முதுகுத்தண்டின் கடைசிப் பகுதியில், திருவெலும்பில் இருக்கும் இரண்டு முதல் நான்காம் நரம்பு வேர்களிலிருந்து வருகின்றன. பை நிரம்புகிற சேதி மேலே போவதும் அதே வழியில்தான். கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் டிபியல் நரம்பின் வேர்களில் ஒரு பகுதியும் இதே இடத்தில் வந்து சேர்கிறது. ஆகவே கணுக்காலில் கொடுக்கிற மெல்லிய மின்துடிப்பும், திருவெலும்பில் நேரடியாகக் கொடுக்கிற துடிப்பும் தண்டுவடத்தின் ஒரே வட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, தேவையில்லாத சுருக்கத்தைக் கிளப்புகிற அனிச்சைச் செயலைத் தணிக்கின்றன. தசையை உலுக்கிப் பலப்படுத்துவது இதன் வேலை இல்லை. நரம்பு வழியே மேலே போகிற சேதியைத்தான் இது மாற்றுகிறது. மூளை வரை அந்த மாற்றம் எட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

திருவெலும்பு முறையை உருவாக்கியதில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமில் டனாகோ, ரிச்சர்ட் ஷ்மிட் ஆகியோருக்குப் பெரும் பங்கு. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997இல் அதற்கு அனுமதி கொடுத்தது. கணுக்கால் ஊசி முறையை வளர்த்தெடுத்த மார்ஷல் ஸ்டோலரும் அதே பல்கலைக்கழகத்துக்காரர்.

கருவிக்கு முன் செய்ய வேண்டியது

காபி, டீயைக் குறைப்பது, மாலைக்குப் பிறகு தண்ணீரை அளவாகக் குடிப்பது, மலச்சிக்கலைச் சரிசெய்வது, எடை கூடியிருந்தால் குறைப்பது. அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் உள்ளிழுத்து ஐந்தாறு தடவை வேகமாகச் சுருக்கி விட்டு, அலை தணிந்த பிறகு நடந்து போவது. போகிற இடைவெளியை வாரம் பத்துப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவது. இவற்றை ஆறு முதல் எட்டு வாரமாவது உண்மையாகச் செய்து பார்க்க வேண்டும். நரம்புத் தூண்டல் ஆரம்பித்த பிறகும் இவை நிற்கக் கூடாது.

மாத்திரைகளில் இரண்டு வகை. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் போன்றவை வாயை வறளவைக்கும், மலத்தை இறுக்கும். வயதான பெண்களுக்கு நீண்ட காலம் கொடுப்பதில், ஞாபகசக்தியைப் பாதிக்குமோ என்ற கவலை இருக்கிறது. மிராபெக்ரான் அந்த வகை இல்லை, ஆனால் பிரஷரைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த மருந்துகள் தோற்ற பிறகே அடுத்த கட்டம் என்பது விதி போல இருந்தது. 2024இல் வந்த அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் அந்தக் கட்டாய வரிசையைத் தளர்த்தி, நோயாளியும் மருத்துவரும் கலந்து பேசித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளாத பெண் அடுத்த வழியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்வது: கணுக்காலில் ஒட்டும் பேட்

நம் ஊர்ப் பெண்களுக்கு முதலில் எட்டக்கூடியது இதுதான். ஊசி இல்லை, அறுவை இல்லை. முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் வைக்கிற டென்ஸ் கருவியே போதும், ஆனால் அதில் மூன்று எண்களை நாமே வைக்க முடிய வேண்டும்: துடிப்பின் வேகம், துடிப்பின் அகலம், நேரம். எட்டு வகை "மசாஜ்" மட்டும் தருகிற, எண் எதையும் காட்டாத விலை மலிவான கருவிகளை வாங்காதீர்கள். முதல் தடவை மருத்துவரிடமோ இயன்முறை நிபுணரிடமோ நேரில் செய்து பழகிக்கொண்டு வீட்டில் தொடங்குங்கள்.

யார் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர் அல்லது இதய டிஃபிப்ரிலேட்டர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக் கட்டி இருப்பவர்கள் அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர்கள், ஒட்டும் இடத்தில் புண்ணோ தோல் தொற்றோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களும், கணுக்காலில் பிளேட் வைத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். மின்துடிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவர்களுக்கு உறைக்காது, தோல் வெந்துபோனாலும் தெரியாது.

இனி செய்முறை. பாத்ரூம் போய்விட்டு வந்து, கொலுசைக் கழற்றிவிட்டு, முழங்கால் வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். தேங்காயெண்ணெயோ மஞ்சளோ இருந்தால் பேட் சரியாக ஒட்டாது. சரியாக ஒட்டாத ஓரத்தில்தான் சுருக்கென்று குத்தும்.

காலின் உட்பக்கம், கணுக்கால் மொட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். அந்த மொட்டுக்கும், குதிகாலுக்குப் பின்னால் கயிறு போல மேலே ஓடும் தசைநாணுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். முதல் பேட் அந்தப் பள்ளத்தில். பெரும்பாலான கருவிகளில் கறுப்பு வயர் இதற்கு. அங்கிருந்து நேர் மேலே சுமார் 10 செ.மீ. தள்ளி, எலும்பின் மேல் படாமல் அதற்குப் பின்னால் இரண்டாவது பேட், சிவப்பு வயர்.

துடிப்பு வேகம் 10 அல்லது 20 ஹெர்ட்ஸ், அகலம் 200 மைக்ரோ செகண்ட், தொடர் முறை, நேரம் 30 நிமிடம். இப்போது அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முதலில் பேட் அடியில் மட்டும் ஊரும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் அந்தக் குறுகுறுப்பு உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் இறங்கும். கால் கட்டைவிரல் தானாகவே லேசாக மடங்கும், அல்லது விரல்கள் விரியும். நரம்பு பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். விரல் அசையாவிட்டாலும் உள்ளங்காலில் குறுகுறுப்பு இருந்தால் போதும். பேட் அடியில் மட்டுமே நின்றால் அணைத்துவிட்டு, பேட்டை அரை விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தி ஒட்டிப் பாருங்கள். அளவு எப்போதும் வலிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதிகமாக வைத்தால் சீக்கிரம் குணமாகும் என்பது தவறு.

வாரத்துக்கு எத்தனை தடவை? ஆய்வுகளில் வாரம் ஒன்றிலிருந்து தினமும் ஒன்று வரை வெவ்வேறாகச் செய்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் வாரம் மூன்று நாள் என்று கிழமை குறித்துக்கொள்கிறவர்கள் தொடர்கிறார்கள், "தினமும் செய்வேன்" என்று ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாற்றம் முதலில் ராத்திரியில்தான் தெரிந்தது என்று சிலர் சொல்வார்கள், வேறு சிலருக்கு "வருது, ஆனா நடந்து போய்ச் சேர முடியுது" என்பதே முதல் மாற்றம்.

பேட்களைப் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வையுங்கள். பசை போனதும் மாற்றுங்கள், இன்னொருவரோடு பகிராதீர்கள். தோல் சிவந்து அடுத்த நாளும் மாறாவிட்டால் கொஞ்ச நாள் மறு காலுக்கு மாற்றலாம்.

இந்த முறைக்கான ஆதாரம் கலவையானது. சிறிய ஆய்வுகள் பல நல்ல பலன் காட்டின. ஆனால் பிரிட்டனில் முதியோர் இல்லங்களில் தங்கியிருந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், போலித் தூண்டலைவிட (சிகிச்சை கொடுப்பது போலக் காட்டுவது மட்டும்) இது கசிவைக் குறைக்கவில்லை. உடல் தளர்ந்து, பிறர் துணையோடு வாழ்கிறவர்களின் நிலை வேறு, நடமாடுகிற நாற்பது வயதுப் பெண்ணின் நிலை வேறு என்றாலும் இந்த முடிவை மறைக்கக் கூடாது. செலவும் ஆபத்தும் குறைவு என்பதால் முதலில் முயலச் சொல்கிறேன். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறிப்பேடு மாறவில்லை என்றால் அதே இடத்தில் நிற்காமல் அடுத்த முறைக்குப் போங்கள்.

மருத்துவமனையில்: கணுக்கால் ஊசி

தலைமுடி போல மெல்லிய ஊசியை, கணுக்கால் மொட்டுக்கு மூன்று விரற்கடை மேலே, எலும்புக்குப் பின்னால் செருகி, பாதத்தில் ஒரு பேட் ஒட்டி 30 நிமிடம் துடிப்புக் கொடுப்பார்கள். வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை. 2010இல் வெளியான, 220 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 54.5 சதவீதம் பேர் நன்றாக முன்னேறினார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 20.9 சதவீதம். போலியிலும் ஐந்தில் ஒருவருக்குக் குறைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் "பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியாகிவிட்டது" என்பதை மட்டும் வைத்து எதையும் எடைபோட முடியாது.

பலன் கண்டவர்களை மூன்றாண்டு பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், சராசரியாக மாதம் ஒரு தடவைக்குச் சற்று மேலே ஊசி போட்டுக்கொண்டதில் பெரும்பாலானவர்களுக்குப் பலன் நீடித்தது. மாதம் ஒன்றுதான், ஆனால் வருடக்கணக்கில். மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், லீவு போட வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும் என்றால் இந்த ஒன்றே பாரமாகிவிடும். சேருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

இந்த அலைச்சலைத் தவிர்க்கக் கணுக்காலின் தோலுக்கடியில் பதிக்கும் சிறு கருவிகளும் வந்திருக்கின்றன. நாணய அளவுள்ள ஈகாயின் 2022இலும், பேட்டரியே இல்லாமல் காலில் கட்டும் பட்டையிலிருந்து சக்தி எடுத்துக்கொள்ளும் ரெவி 2023இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

திருவெலும்பில் பதிக்கும் கருவி

நீண்ட காலத்துக்கு, கடுமையான தொல்லைக்கு, அதிகம் ஆராயப்பட்ட முறை இது. புட்டத்தின் மேல்பகுதியில் தோலுக்கடியில் சிறு கருவி, அதிலிருந்து திருவெலும்பின் மூன்றாவது துளை வழியாக நரம்பருகே போகும் மெல்லிய வயர். சென்னை போன்ற பெருநகரங்களின் சில பெரிய மருத்துவமனைகளில்தான் செய்கிறார்கள். கருவியின் விலையே லட்சங்களில் வரும். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். பேட்டரி தீர்ந்தால் மாற்றுவதற்கும் அதே காப்பீடு கைகொடுக்குமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க முடிவது. ஒரு வழியில் மரத்துப்போகும் ஊசி போட்டுத் தற்காலிக வயரைச் செருகி, வெளியே சிறு கருவியோடு இணைத்து ஒரு வாரம் வரை வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்னொரு வழியில் நிரந்தர வயரையே வைத்து இரண்டு வாரம் பார்ப்பார்கள். முதலாவது எளிது, ஆனால் தற்காலிக வயர் நகர்ந்துபோய்த் தவறாகத் தோல்வி காட்டலாம். இரண்டாவது நம்பகமானது, ஆனால் இரண்டு தடவை அறுவை அரங்குக்குப் போக வேண்டும். சோதனைக்கு முன் மூன்று நாள் குறிப்பேடும் சோதனையின்போது எழுதிய குறிப்பேடும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும். கசிவோ, போகிற தடவையோ பாதிக்குமேல் குறைந்திருந்தால்தான் கருவி. "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கு" என்ற அளவில் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சோதனை நாட்களில் வழக்கமான காபியையும் வேலையையும் மாற்றாமல் இருந்தால்தான் உண்மை தெரியும்.

அறுவையின்போது குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே பார்த்தபடி ஊசியைச் செலுத்துவார்கள். சரியான துளையில் போயிருந்தால் ஆசனவாய்த் தசை உள்ளிழுக்கும், கால் கட்டைவிரல் மடங்கும். வீட்டில் பேட் ஒட்டியபோது மடங்கிய அதே விரல்தான். பாதம் முழுதும் திரும்பினால் ஒரு துளை மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

கருவி வைக்கும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், பாவாடை நாடா எங்கே இறுகும் என்பதைக் காட்டி, நின்றபடியும் உட்கார்ந்தபடியும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். தினமும் புடவை கட்டுகிறவருக்கு நாடா வரியில் கருவி அமைந்தால் உறுத்திக்கொண்டே இருக்கும். மெலிந்த உடம்புக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பேட்டரியில் இரண்டு வகை. சார்ஜ் செய்கிற வகை சிறியது, பதினைந்து ஆண்டு வரை உழைக்கும்படி செய்யப்பட்டது, ஆனால் கருவியைப் பொறுத்து அவ்வப்போது இடுப்பில் சார்ஜரை வைத்துக் காத்திருக்க வேண்டும். சார்ஜ் தேவைப்படாத வகையில் பழையவை சில ஆண்டுகளில் தீர்ந்தன, 2022இல் வந்த புதியவை பத்து ஆண்டுக்கு மேல் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. போனை சார்ஜ் போடவே மறப்பவர்களுக்கும், கை நடுக்கமுள்ள மூதாட்டிகளுக்கும் இரண்டாவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

ஐந்தாண்டு முடிவில் என்ன கிடைக்கும்? 2018இல் வெளியான இன்சைட் ஆய்வில், பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஐந்தாம் ஆண்டுச் சோதனைக்கு வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் 82 சதவீதம் பேருக்குப் பலன் நின்றது. கருவிச் சிக்கலாலோ பலன் போதாமலோ இடையில் விலகியவர்களையும் தோல்வியாகச் சேர்த்தால் 67 சதவீதம். மருத்துவமனை விளம்பரத்தில் முதல் எண்தான் வரும். இரண்டாவதை மனதில் வைத்து முடிவெடுங்கள். கருவி வைத்த இடத்தில் வலி, துடிப்பு இடம் மாறுவது, தொற்று, வயர் நகர்வது ஆகியவற்றுக்காக மறு அறுவை செய்துகொண்டவர்களும் கணிசமாக உண்டு.

கருவியோடு வாழ்வது

முதல் சில வாரம் குனிந்து முறுக்குவது, பளு தூக்குவது, எக்கி எடுப்பது வேண்டாம். வயர் திசுவில் பிடிப்பதற்கான காலம் அது. துடிப்பு பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கம் லேசாகத் தட்டுவது போல உணரப்பட வேண்டும். வலிக்கவோ கூசவோ கூடாது. ரிமோட்டில் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கருவியை அணைக்கவும் உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உங்கள் கருவி, வயர் இரண்டின் மாடலையும் சொல்ல வேண்டும். புதியவற்றில் நிபந்தனைகளோடு உடல் முழுக்க எடுக்கலாம், பழையவற்றில் தலைக்கு மட்டும்தான். டயதெர்மி எனப்படும் வெப்ப சிகிச்சை உடம்பின் எந்தப் பகுதிக்கும் கூடவே கூடாது. வேறு அறுவைக்குப் போனாலும், பல் மருத்துவரிடம் போனாலும் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்துக்கு அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் கருவியை அணைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை பெறும் திட்டம் இருந்தால் கருவி வைப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

போடாக்ஸா, கருவியா?

பையின் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் மருந்தைப் பைக்குள் ஊசியாகப் போடுவதும் இதே கட்டத்துச் சிகிச்சைதான், ஆகவே இந்தக் கேள்வி நிச்சயம் வரும். அமெரிக்காவில் 381 பெண்களிடம் நடந்து 2016இல் வெளியான ரோஸெட்டா ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் அவசரக் கசிவு ஒரு நாளைக்குப் போடாக்ஸில் சராசரியாக 3.9 தடவையும், கருவியில் 3.3 தடவையும் குறைந்தது. வித்தியாசம் சிறியது. ஆனால் சிறுநீர்த் தொற்று போடாக்ஸில் 35 சதவீதம், கருவியில் 11. அதில் கொடுத்த 200 யூனிட் இன்று வழக்கமாகக் கொடுக்கும் 100ஐ விட அதிகம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டாண்டு முடிவில் கசிவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அடிக்கடி தொற்று வருகிறவருக்கும், சிறுநீர் நின்றால் தானே டியூப் போட்டு எடுக்க முடியாதவருக்கும் கருவி பக்கம் சாய்வேன். உடம்புக்குள் பொருள் வைப்பதே பிடிக்காதவருக்கும் லட்சங்கள் புரட்ட முடியாதவருக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தாலும் போடாக்ஸ்.

நன்றாக இருந்தது, திடீரென்று வேலை செய்யவில்லை என்றால்

நீண்ட காலம் தொடர்கிற எல்லாருக்கும் ஒருநாள் இது வரும். உடனே கருவியைச் சந்தேகிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். பல நேரம் தொற்றுதான் காரணமாக இருக்கும். சர்க்கரை ஏறியிருக்கிறதா, புதிய மாத்திரை சேர்ந்திருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாள் குறிப்பேட்டைத் திரும்ப எழுதிப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். "பழையபடி ஆகிவிட்டது" என்று அழுதபடி வந்தவர்களின் தாளில் பாதி முன்னேற்றம் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கெட்ட நாட்கள்தான் நினைவில் தங்குகின்றன.

பேட் முறையில் இருப்பவர்கள் பேட்டின் பசை, வயரின் முறிவு, பேட்டரி மூன்றையும் பார்த்துவிட்டு, ஒட்டும் இடத்தை மறுபடி கண்டுபிடியுங்கள். இடைவெளியை நீட்டியிருந்தால் ஒரு மாதம் வாரம் மூன்றுக்குத் திரும்புங்கள். ஊசி முறையில் இருப்பவர்கள் மாதம் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கிப் பார்க்கலாம்.

திருவெலும்புக் கருவி வைத்தவர்கள் துடிப்பு எங்கே உணரப்படுகிறது என்று கவனியுங்கள். தொடைக்கோ பாதத்துக்கோ மாறியிருந்தாலும், அளவைக் கூட்டியும் ஒன்றுமே தெரியாவிட்டாலும் சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும். அங்கே மின்தடையை அளந்து வயர் முறிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயரில் நான்கு மின்முனைகள் உண்டு. எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்பதை மாற்றி அமைத்தாலே பெரும்பாலும் சரியாகும், கத்தி வேண்டாம். அதிலும் தீராவிட்டால் எக்ஸ்ரே, அதில் வயர் நகர்ந்தது தெரிந்தால் மாற்றி வைப்பது, அல்லது மறுபக்கத்து நரம்பில் சோதித்துப் பார்ப்பது. கருவி வைத்த இடம் சிவந்து சூடாகிச் சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றே போங்கள். தொற்று பிடித்த கருவியைப் பெரும்பாலும் எடுத்தே ஆக வேண்டும். புண் முழுதாக ஆறிய பிறகு மறுபடி வைக்க வாய்ப்பு உண்டு.

சிகிச்சை மையத்துக்குப் போகும்போது கருவியின் அட்டை, ரிமோட், பழைய தாள், புதிய தாள் நான்கையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். கருவி நிறுவனத்தின் தொழில்நுட்பர் எந்தக் கிழமை அங்கே வருவார் என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.